அன்னபேதி கலந்த நீலம்

பிரவீனாவுக்கு இரும்பைக் கண்டாலே ஆகாது. சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் அவள் ஆய்வு மாணவி. எருமப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி போடும் சின்னுசாமிக்கும் சௌந்திரத்துக்கும் ஒரே மகள். கல்யாண வயது கடக்கிறதே என்று சொந்தக்காரர்கள் அங்கலாய்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் அம்மாபேட்டையில் ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டு, கிழங்கைக் கரியாக்கி, அந்தக் கரிக்குள் இரும்பு நுழைந்துவிடாமல் காவல் காப்பதையே பிழைப்பாக வைத்திருந்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது.

விஷயம் இதுதான். நம் உடம்புக்குள் நொதிகள் என்று உண்டு. மெதுவாக நடக்கிற ஒரு வேலையைச் சட்டென்று முடித்துக் கொடுப்பவை. அதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களை வைத்தும் செய்துகொள்ளலாம். அந்தத் துகளுக்கு நானோசைம் என்று பெயர். பெரும்பாலும் இரும்பு, செம்பு, தங்கம் என்று உலோகத்தில்தான் செய்கிறார்கள். விலை அதிகம், மண்ணிலும் தங்கிவிடும். பிரவீனா வெறும் கரியில் செய்யக் கிளம்பினாள். கிழங்கோடு யூரியாவைச் சேர்த்துக் காற்றுப் புகாத உலையில் வாட்டி, வந்ததைப் பொடித்துக் கரைத்துக் காகிதத்தில் பூசி உலர்த்துவாள். இலையைக் கழுவிய தண்ணீரில் அந்தக் காகிதத்தை நனைத்து, மேலே ஒரு சிறு புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டால் நீலமாக மாறும். தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தால் அது கரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுக்கும்; காகிதம் வெளுத்தே கிடக்கும். நீலம் வந்தால் காட்டுக்குள், பயிர் நிற்கும் நிலத்துக்குள், இறங்கலாம். வெளுத்துக் கிடந்தால் வரப்போடு நின்றுகொள்ள வேண்டும்.

மருந்தடித்த காட்டில் எப்போது களைக்கு இறங்கலாம் என்பது அந்த ஊரில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வாடை போனால் இறங்குவார்கள், அவ்வளவுதான். பிரவீனா பள்ளிக்கூடம் படித்த நாட்களில், சௌந்திரம் களைவெட்டிவிட்டு வந்து, தலையைப் பிளக்கிறது என்று ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடப்பாள். வாந்தி எடுப்பாள். மறுநாள் எழுந்து மறுபடியும் காட்டுக்குப் போவாள். இந்த ஆராய்ச்சியே அம்மாவுக்காகத்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆய்வுச் சுருக்கத்தில் எழுதினால் வழிகாட்டி மேடம் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

முதலில் ஜவ்வரிசி ஆலைகளில் மாவெடுத்தபின் சும்மா கிடக்கும் கிழங்குச் சக்கையான திப்பியைத்தான் வாங்கி வந்து கரியாக்கினாள். நீலம் பளிச்சென்று வந்தது. துறையே தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பிறகு பெரிய கருவியில் கொடுத்துச் சோதித்தபோது தெரிந்தது, கரிக்குள் இரும்பு. ஆலையில் கிழங்கை அரைக்கும் உருளையின் இரும்புப் பற்கள் தேய்ந்து தேய்ந்து திப்பியில் இறங்கியிருக்கின்றன. வேலை செய்தது கரி அல்ல, இரும்பு. அமிலத்தில் கழுவி இரும்பை எடுத்ததும் நீலமும் போய்விட்டது. அன்று ஆய்வகத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுததைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு சௌந்திரம்தான் கிழங்கு சீவிக் கொடுத்தாள். அரிவாள்மனை கூடாது, கத்தி கூடாது, இரும்புச் சட்டி பக்கத்திலேயே இருக்கக்கூடாது என்று மகள் சட்டம் போட்டிருந்தாள். மூங்கிலைச் சீவிக் கூர்மையாக்கி, அதைக் கொண்டு கிழங்கின் தோலை உரித்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, வெள்ளைத் துணியில் காயவைத்துப் பொட்டலம் கட்டினாள். விரலெல்லாம் சிராய்த்துக்கொண்டது.

"ஏஞ்சாமி, இரும்பு பட்டா உங்க காலேசுக்குத் தீட்டா?" என்று கேட்டாள்.

"தீட்டு மாதிரிதாம்மா. ஒரு துளி இருந்தாலும் காயிதம் பொய் சொல்லிப் போடும்."

"பொய் சொல்லாம நான் பாத்துக்கறன்" என்றாள் சௌந்திரம்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். அந்தக் கிழங்கில் செய்த கரியில் இரும்பு இல்லை. யூரியா கொடுத்த நைட்ரஜன் சரியான இடங்களில் உட்கார்ந்திருந்தது. நீலம் வந்தது, இந்த முறை உண்மையான நீலம். பிரவீனா ஒரு டப்பா நிறையக் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். மாவுப்பூச்சிக்கு மருந்தடித்த மறுநாள் இலையைக் கழுவிப் பார்த்தார்கள், வெளுத்துக் கிடந்தது. ஒரு வாரம் போய்ப் பார்த்தார்கள், நீலம். ஒரு மழை பெய்த பிறகு பார்த்தார்கள்; இன்னும் நல்ல நீலம். சின்னுசாமிக்கு உச்சி குளிர்ந்துபோனது. எதைப் பார்த்தாலும் இரண்டு குறை சொல்லும் மனிதர் அவர். மகளின் காகிதத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் காகிதக் கட்டு ஏறியது. பக்கத்துக் காட்டுத் தமிழரசுவில் தொடங்கி, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் கொடுத்தார். டீக்கடையில் டீயைக் கழுவிப் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

அதற்கடுத்த மாசி மாதம் குச்சிக்கிழங்கின் கொழுந்துகள் வெளுத்தன. அந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம், செடிக்கு இரும்புச் சத்து ஏறாது, அதனால் அடிக்கடி இப்படி ஆகும். அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து, அது கெட்டுப்போகாமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு, இலைமேல் அடிப்பார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்புதான். அதே வாரத்தில் மாவுப்பூச்சியும் வந்து சேர்ந்தது. அங்கே யாரும் ஒரே காட்டுக்கு இரண்டு தடவை மருந்து டேங்க் தூக்கமாட்டார்கள். மருந்தடிக்கிற ஆள் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த அன்றைக்கே பூச்சிமருந்து, அன்னபேதி, யூரியா எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கொட்டிக் கலக்கி அடித்துவிடுவார்கள். தாத்தன் காலத்துப் பழக்கம் இல்லை, மருந்துக்கடையும் தோளில் தூக்கும் டேங்கும் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம்தான். ஆனால் இன்றைக்கு அதுதான் அந்த ஊரின் விவசாயம்.

இது பிரவீனாவுக்குத் தெரியாதா? தெரியும். சின்ன வயதில் அந்த டேங்குக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்ததே அவள்தான். கையில் புளிப்பு வாடை போகாது, நகக்கண்ணில் துருக்கறை ஏறும். ஆனால் ஆய்வகத்துக்குள் வாசல் கதவின் கீல்வரை சந்தேகப்பட்டு இரும்பைத் துரத்திக்கொண்டிருந்தவளுக்கு, அப்பாவின் டேங்குக்குள் இருந்த இரும்பு நினைவுக்கு வரவேயில்லை. குடிதண்ணீரில் இருக்கிற அளவு இரும்பு கலந்து சோதித்திருந்தாள். காகிதம் அசைந்துகொடுக்கவில்லை. போதும் என்று விட்டுவிட்டாள். படிப்பு சில சமயம் மனிதரை அப்படித்தான் ஆக்கிவிடுகிறது. எந்தத் தண்ணீரைச் சோதித்தோமோ அந்தத் தண்ணீர்தான் உலகம் என்று தோன்றிவிடுகிறது.

மருந்தடித்த மறுநாள் காலையில் சின்னுசாமி இலையைக் கழுவிக் காகிதத்தை நனைத்தார். சொட்டு விட்டதும் நீலம் வந்தது. முன்னே எப்போதும் வராத அளவுக்கு, கண்ணைப் பறிக்கிற நீலம். இலைமேல் இருந்த அன்னபேதிதான் அப்படி நிறம் மாற்றியது. மருந்து கரியின் மேல் ஏறி உட்கார்ந்து அதை வாயடைத்திருந்தாலும், பக்கத்தில் நின்ற இரும்பு அதன் வேலையைச் செய்துவிட்டது. சின்னுசாமிக்கு எப்படித் தெரியும்? களைக்கு ஆள் கிடைக்கிற நாள் அன்று ஒன்றுதான்.

"நீலம் வந்துருச்சு, எறங்குங்க" என்றார்.

சௌந்திரமும் களைவெட்ட வந்த ராமாயியும் இறங்கினார்கள். பனி இலையில் முத்து முத்தாக நின்றது. முழங்கை வரைக்கும் நனைந்தது, சேலை நனைந்தது. ராமாயி வெயில் ஏறியதும் தலை சுற்றுகிறது என்று போய்விட்டாள். சௌந்திரம் பாத்தியை முடித்துவிட்டு எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை.

நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரில் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் முதல் கேள்வியாகச் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"மருந்தடிச்ச காட்டுக்குள்ள போனாங்களா?"

"போனாங்க. ஆனா மருந்து இல்லீங்க டாக்டரு. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் உட்டனுங்க. எம்புள்ள சேலத்துல ஆராய்ச்சி பண்ணுதுங்க, அது செஞ்ச காயிதத்துல பளிச்சுனு நீலம் வந்துச்சுங்க. வெறும் வயித்துல வெயில்ல நின்னுட்டாளுங்க."

பையிலிருந்து அந்த நீலக் காகிதத்தை எடுத்து நீட்டியும் காட்டினார். டாக்டருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை. ஆராய்ச்சி மாணவியின் அப்பா இத்தனை உறுதியாகச் சொல்கிறாரே என்று மயக்கத்துக்குக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

பிரவீனா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அம்மாவின் வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. கன்னத்துத் தசை தானாகத் துடித்தது. அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, டேங்க்ல வேற என்னென்ன கலந்தீங்க?"

"எப்பவும் கலக்கறதுதான் சாமி. கொழுந்து வெளுத்துருச்சுன்னு அன்னபேதியும் சேத்து அடிச்சன்."

அன்னபேதி என்றால் இரும்பு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடினாள். டாக்டரிடம், "மருந்துதாங்க சார், மருந்தேதாங்க. காயிதம் தப்புங்க, நான் செஞ்சது தப்புங்க" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் விஷத்துக்கு மாற்று மருந்து ஏறியது. சௌந்திரம் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் வலது பாதம் தொங்க ஆரம்பித்தது. மருந்து நரம்பைத் தின்றுவிட்டது, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

பிரவீனா ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய் அன்னபேதியோடு மல்லுக்கட்டினாள். இரும்பைக் கட்டிப்போடும் உப்புகளைக் காகிதத்தில் சேர்த்துப் பார்த்தாள். குறைவாகச் சேர்த்தால் எல்லா இலையும் நீலம் காட்டியது. கூடுதலாகச் சேர்த்தால், மருந்தே படாத இலைகூட வெளுத்துக் கிடந்தது. நடுவே ஓர் அளவு இருக்கும், இருந்தே தீரும் என்று தேடினாள். ஒரு காட்டு இலைக்குப் பொருந்திய அளவு அடுத்த காட்டு இலைக்குப் பொருந்தவில்லை. ஒருவர் அன்னபேதியைக் கை நிறைய அள்ளிப் போடுகிறார், இன்னொருவர் கண் மதிப்பில் போடுகிறார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது.

மேடம் கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர்.

"பிரவீனா, குழாய்த் தண்ணியில பார்த்தாச்சு, கடையில வாங்குன ஆப்பிள்ல பார்த்தாச்சு. கட்டுரைக்கு அது போதும். உலோகம் இல்லாத கரியில இந்த அளவுக்கு யாரும் கொண்டு வந்ததில்லை. காட்டுப் பிரச்சினையை அடுத்து வர்றவங்க பார்க்கட்டும்."

"எங்கம்மா காட்டுலதாங்க மேடம் வேலை செய்யறாங்க. ஆப்பிள்ல இல்லீங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரும்பு பற்றி ஒரு வரி, கட்டுரையின் கடைசியில், கவனமாக எழுதப்பட்ட ஆங்கிலத்தில் போனது. கட்டுரை வந்தது. பட்டமும் வந்தது. எருமப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் சின்னுசாமி ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் முனைவர் பிரவீனா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பின்னால் நீல வண்ணம் போடச்சொல்லி அவரே கேட்டிருந்தார்.

ஊரில் காகிதங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு வந்தது மருந்தால்தான் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புள்ளை பயந்துவிட்டது என்றார்கள். கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் எல்லோரையும் கூப்பிட்டாள். டாக்டர் பட்டம் வாங்கின பிள்ளை கூப்பிடுகிறது என்று தமிழரசு, ராமாயி, அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். சௌந்திரம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பிரவீனா இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டிலும் அவர்கள் கண்முன்னேயே பூச்சிமருந்தைச் சொட்டினாள். காகிதம் நனைத்துச் சொட்டு விட்டாள். இரண்டும் வெளுத்துக் கிடந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு இரண்டாவது டம்ளரில் அன்னபேதியைக் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்தாள். புதுக் காகிதம் நனைத்துச் சொட்டு விட்டாள். நீலம் பொங்கிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? மருந்து அப்படியே உள்ளதான் இருக்குது. ஆனா நீலம் காட்டுது. காயிதம் ஏமாந்துபோச்சுங்க. இதை நம்பாதீங்க."

தமிழரசு டம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"அப்ப அன்னபேதி போட்டா விஷம் முறிஞ்சிருதுங்களா அம்மிணி?"

"முறியாதுங்ணா! விஷம் அப்படியே இருக்குது. நிறம்தான் மாறுது."

"அதெப்படிங்க, மொதல்ல வெள்ளையா இருந்துச்சு, அன்னபேதி போட்டதும் நீலமாயிருச்சே. கண்ணால பாத்தமே."

"எலுமிச்சம்பழமும் புழிஞ்சுதுல்லொ, அதுலதான் முறிஞ்சிருக்கும்" என்றார் இன்னொருவர்.

பிரவீனா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கரி என்றாள், இரும்பு என்றாள், ஏறி உட்காருவது என்றாள். சொல்லச் சொல்லத் தன் வார்த்தைகள் கட்டுரையில் இருந்த வார்த்தைகளாகவே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. வேறு வார்த்தை வரவில்லை. பெருமை தாங்காமல் எழுந்து நின்ற சின்னுசாமி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"எம்புள்ள தன்னடக்கத்துல சொல்லுது. விஷ முறிவே கண்டுபுடிச்சிருக்குது."

"அப்பா, அதுல ஒண்ணுமே முறியலீங்கப்பா. நான் செஞ்சது தப்புங்கப்பா."

"தப்புன்னா எதுக்கு சாமி உனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"

பெரிய பெரிய ஆட்கள் வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொன்னவள், களத்து மண்ணில் வாயடைத்து நின்றாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் மிச்சம் இருந்த காகிதங்களையெல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டாள். சாமி படத்துக்குப் பின்னால் சின்னுசாமி ஒளித்து வைத்திருந்த டப்பாவையும் தேடி எடுத்துப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"எரிச்சாப் போகுது உடு. இனிமே காயிதம் எதுக்கு? அன்னபேதி கலந்தாப் போதுமே" என்றார் ஆறுதலாக.

எருமப்பட்டி மருந்துக்கடையில் அன்னபேதி தீர்ந்துபோனது. கொழுந்து வெளுக்காத காட்டுக்காரர்களும் வாங்கினார்கள். வெங்காயத்துக்கு அடித்தார்கள், கத்திரிக்கு அடித்தார்கள். முன்பெல்லாம் வாடை போகட்டும் என்றாவது காத்திருந்தவர்கள் மறுநாளே இறங்கினார்கள். மேச்சேரியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, ஒரு டேங்குக்கு எவ்வளவு அன்னபேதி போட்டால் விஷம் முறியும், மருந்தடித்த காட்டில் ஆட்டை மேயவிடலாமா என்று பணிவாகக் கேட்டார். அவள் முறியாது, விடாதீங்க என்று சொல்லச் சொல்ல, "சரிங்க டாக்டரம்மா, அளவு மட்டும் சொல்லிப் போடுங்க" என்றார். அவளுக்குப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அம்மாவின் காலில் முடிந்திருக்க வேண்டியதை அவளே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

சின்னுசாமி மறுபடியும் மருந்தடித்தார், அன்னபேதி தாராளமாகக் கலந்து. மறுநாள் காலையில் பிரவீனா எழுந்து வந்தபோது சௌந்திரம் பழைய சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு களைக்கொத்தோடு வரப்பில் நின்றாள். ராமாயி வரவில்லை, வேறு ஆளும் கிடைக்கவில்லை. பிரவீனா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அம்மா, எறங்காதம்மா. உன் காலைப் பாரு. கும்புட்டுக் கேக்கறன், எறங்காத."

"அன்னபேதி கலந்துதான் அடிச்சிருக்குது சாமி."

"அது பொய்யிம்மா. நான் சொல்றன், பொய்யி."

சௌந்திரம் மகளின் கன்னத்தைத் தொட்டாள். மூங்கில் சிராய்த்த தழும்பு இன்னும் அந்த விரல்களில் இருந்தது.

"ஊரே உன்ற பேரைச் சொல்லிக் காட்டுக்குள்ள எறங்குது. பெத்தவ நானே பயந்துக்கிட்டு வரப்புல நின்னா, நாளைக்கு எவன் உன்னைய மதிப்பான்? கையை உடு, வெயில் ஏறறதுக்குள்ள ரெண்டு பாத்தி வெட்டிப் போட்டு வாரேன்."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வலது காலை இழுத்தபடி அவள் காட்டுக்குள் இறங்கினாள். பனி இலை இலையாக நின்றது. பிரவீனா அவளைத் தாண்டி முன்னால் ஓடினாள். துப்பட்டாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு, அம்மாவின் கை படுவதற்கு முன்னால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கத் தொடங்கினாள். ஒரு செடியைத் துடைத்து முடிப்பதற்குள் துப்பட்டா நனைந்துவிட்டது. காடு இரண்டு ஏக்கர்.